கார்டைத் தட்டலாமா, பாஸ் வாங்கலாமா?

வெளிநாடு கிளம்பும் வடசென்னைக்காரர்களும், வெளிநாட்டு விருந்தாளிகளை எதிர்பார்த்திருக்கும் வடசென்னைக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

நான், கணவர், மாமியார் மூன்று பேரும் ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். கணவரிடம் விசா கிரெடிட் கார்டு இருக்கிறது. என்னிடம் ரூபே டெபிட் கார்டு. மாமியாரிடம் பேங்க் பாஸ்புக் மட்டும்தான். அங்கே ரயிலில் கணவரின் கார்டையே மூன்று பேருக்கும் தட்டலாமா? டூரிஸ்ட் பாஸ் வாங்கினால் லாபம் என்கிறார்களே?
– வாசகி, தண்டையார்பேட்டை

தட்ட முடியாது அம்மா. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. நம் மெட்ரோவில் ஒரே போனில் நாலு டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே டிக்கெட் என்ற பொருளே கிடையாது. நீங்கள் நுழையும்போது தட்டுகிற கார்டை, வெளியே வரும்போதும் தட்டவேண்டும். எவ்வளவு தூரம் போனீர்கள் என்று பார்த்து அதிலிருந்து பணம் எடுத்துக்கொள்வார்கள். கணவர் உள்ளே போனதும் அதே கார்டை வாங்கி நீங்கள் தட்டினால் மிஷின் குழம்பும், கேட் திறக்காது, பின்னால் வரிசை சேரும். ஒரு தடவை மட்டும் போகிற டிக்கெட்டை அங்கே 2022லேயே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை இது. கணவர் தன் விசா கார்டையே தட்டட்டும். உங்களுக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு ஈஸி-லிங்க் கார்டு வாங்குங்கள், பணம் ஏற்றி பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டுகிற கார்டு அது. சாங்கி விமான நிலைய ரயில் நிலையத்திலும் கிடைக்கும், செவன்-இலெவன் கடைகளிலும் கிடைக்கும். விலை 10 சிங்கப்பூர் டாலர். அதில் 5 டாலர் கார்டின் விலை, திரும்பி வராது. மீதி 5 டாலருக்குப் பயணம் செய்யலாம். தீர்ந்தால் பணம் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் ரூபே கார்டை நம்பிக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

கணவருக்கும் ஈஸி-லிங்க் வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு வங்கிக் கார்டைத் தட்டினால், தட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். ஐந்து நாளுக்கு 3 டாலர். ஈஸி-லிங்க் என்றால் 5 டாலர் போய்விடும். அதனால் ஐந்து நாளுக்கு வங்கிக் கார்டு பரவாயில்லை. ஒன்பது நாளைத் தொட்டால் ஈஸி-லிங்க் பக்கம் திரும்பலாம். கிரெடிட் கார்டில் நம் வங்கிகள் பெரும்பாலும் மூன்றரை சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் போட்டு, அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். பஸ், ரயில் செலவு 30 டாலர் என்றால் இதில் போவது ஒன்றேகால் டாலர். அதற்காகத் தூக்கம் கெடவேண்டாம்.

டூரிஸ்ட் பாஸ் பற்றி என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். அது ஒரு நாள், இரண்டு நாள் என்று நாள்கணக்கில் வரும், அளவில்லாமல் ஏறி இறங்கலாம். ஆனால் ஒரு தடவை போக சுமார் ஒன்றிலிருந்து இரண்டரை டாலர்தான் ஆகும். பாஸ் போட்ட காசு திரும்ப வேண்டுமானால் ஒரே நாளில் அரை டஜன் தடவைக்கு மேல் ஏறி இறங்கவேண்டும். மாமியாரைக் கூட்டிக்கொண்டு அப்படி யார் ஓடுவார்கள்? காலையில் ஒரு இடம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் செராங்கூன் சாலையில் கோயில், கடை என்றுதான் போகப்போகிறீர்கள். பாஸ் வேண்டாம்.

சாங்கியிலிருந்து லிட்டில் இந்தியா போக எல்லாரும் தானா மேரா போய், நகருக்குப் போகும் வண்டி மாறி, நடுவில் இன்னொரு தடவை மாறுகிறார்கள். எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி டவுன்டவுன் லைன் பிடித்தால் நேரே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் பெட்டி படுக்கையோடு ஒரே ஒரு மாற்றம்தான். விமானம் நள்ளிரவில் இறங்கினால் ரயில் இருக்காது, டாக்ஸிதான்.

பஸ்ஸில் இறங்கும்போதும் பின்வாசலில் தட்ட மறக்கக்கூடாது. மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனதாகக் கணக்கு எழுதிவிடும். பெரியவர்களுக்கு நான் ஒரு ஏற்பாடு சொல்வேன்: அடையாள அட்டை மாட்டும் கயிற்றுப் பை ஒன்று வாங்கி, அதில் ஈஸி-லிங்க் கார்டை மட்டும் வைத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பையோடு சேர்த்து ரீடர்மேல் வைத்து, பீப் சத்தம் வரும்வரை எடுக்காமல் இருந்தால் போதும். நம்மவர்கள் வெடுக்கென்று தட்டி எடுத்துவிடுகிறார்கள், அதில்தான் பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, பர்ஸை அப்படியே வைப்பது. உள்ளே இரண்டு வங்கிக் கார்டு இருந்தால் எது மாட்டும் என்று சொல்ல முடியாது. நுழையும்போது ஒன்றும் வெளியே வரும்போது இன்னொன்றும் மாட்டினால் இரண்டிலும் பணம் போகும்.

ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, அபராதம் 500 டாலர் வரை. தண்ணீர் பாட்டிலையும் திறக்க வேண்டாம். மாமியார் கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தால் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் பெயர்ப் பலகை சில இடங்களில் தமிழிலும் இருக்கும், அறிவிப்பும் தமிழில் வரும். அவருக்கு அது ஒரு சந்தோஷம்.

வெளிநாட்டில் ஜி-பேயை வைத்தே சமாளிக்க முடியாதா? கார்டு எதற்கு?
– வாசகர், எண்ணூர்

சிங்கப்பூர், அமீரகம், பிரான்ஸ், இலங்கை, நேபாளம் என்று சில நாடுகளில் சில கடைகள் யு.பி.ஐ. வாங்குகின்றன. அதற்கும் கிளம்புவதற்கு முன்பே ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கவேண்டும். ஆனால் சிங்கப்பூரில் ரயில் கேட்டுக்கு யு.பி.ஐ. தெரியாது. அதனால் கார்டு வேண்டும் தம்பி.

கார்டு இருந்தால் மட்டும் போதாது. ரிசர்வ் வங்கி 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது. புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை மிஷினிலும் மட்டுமே வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிக் கட்டுவது இரண்டையும் நீங்கள்தான் வங்கி ஆப்பில் ‘ஆன்’ செய்யவேண்டும். மீனம்பாக்கத்தில் செக்-இன் முடித்துவிட்டு ஓ.டி.பி.க்குக் காத்திருப்பதைவிட வீட்டிலேயே செய்துவிடுங்கள். கார்டில் நாலு வளைவுக் கோடு, அந்த அலைக்குறி, இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பழைய கார்டு கேட்டில் செல்லாது.

இன்னொன்று. கடையில் கார்டைக் கொடுத்தால் மிஷின் ‘இந்திய ரூபாயா, இந்த ஊர்ப் பணமா?’ என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் கை தானாக அங்கே போகும். போகவேண்டாம். அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் மனைவியும் பத்து நாள் லண்டன் போகிறோம். வியாழக்கிழமை இறங்குகிறோம். ஆய்ஸ்டர் கார்டு வாங்கவா? வாரப் பாஸ் எடுக்கவா?
– வாசகர், ராயபுரம்

முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்து. பணம் ஏற்றித் தட்டும் லண்டன் பயணக் கார்டான ஆய்ஸ்டர் 2003இல் வந்தபோது பெரிய விஷயம். 2012 கடைசியில் பஸ்ஸிலும் 2014இல் பாதாள ரயிலிலும் சாதாரண வங்கிக் கார்டையே தட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கட்டணமும் ஒன்றுதான். ஆய்ஸ்டர் கார்டுக்குத் தனியாக ஒரு விலை உண்டு, அது திரும்பக் கிடைக்காது. ஆகவே இருவரிடமும் ஆளுக்கொரு விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் ஆய்ஸ்டர் பக்கமே போகவேண்டாம். உங்கள் கிரெடிட் கார்டுக்கு மனைவி பேரில் ஆட்-ஆன் கார்டு வைத்திருந்தால், இரண்டிலும் அச்சடித்திருக்கும் எண் வேறு வேறா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே எண் என்றால் ஒரே ஆள் இரண்டு தடவை தட்டியதாகக் குழம்பும். அப்படியானால் மனைவிக்கு மட்டும் ஆய்ஸ்டர் வாங்குங்கள்.

வாரப் பாஸும் தேவையில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுக்குமேல் எடுக்கமாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி எத்தனை தடவை ஏறினாலும் அன்றைக்குப் பணம் போகாது. வாரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும். நீங்கள் வியாழன் இறங்குவதால் முதல் நாலு நாளில் அதன் பலன் பெரிதாகக் கிடைக்காது, அடுத்த திங்களிலிருந்துதான். இந்தச் சலுகை கிடைக்க எப்போதும் ஒரே கார்டைத் தட்டவேண்டும். காலையில் கார்டு, மத்தியானம் அதே கார்டை ஏற்றிய வாட்ச் என்று மாற்றினால் இரண்டு ஆளாகக் கணக்கு வைக்கும்.

2014 ஜூலை முதல் லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம். ரயிலில் இரண்டு பக்கமும் தட்டவேண்டும். முதல் தடவை தட்டியதும் உங்கள் போனுக்கு 10 பென்ஸ் எடுத்ததாக ஒரு செய்தி வரலாம். யாரோ திருடுகிறார்கள் என்று கார்டைப் பிளாக் செய்துவிடாதீர்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கும் சோதனை அது. அன்றைய மொத்தப் பணத்தை பிறகு ஒரே தொகையாக எடுத்துக்கொள்வார்கள்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு மூன்று விதமாக ரயில் உண்டு. எக்ஸ்பிரஸ் வேகம், விலையும் அப்படியே. எலிசபெத் லைன் நடுத்தரம். பிக்காடில்லி லைன் மலிவு, மெதுவாகப் போகும். பெரிய பெட்டி இரண்டு வைத்துக்கொண்டு பிக்காடில்லியில் வேலைக்குப் போகிற கூட்டத்தோடு நிற்பது கஷ்டம். எலிசபெத்தில் போங்கள் அய்யா, மகளின் விழாவுக்குத்தானே போகிறீர்கள்.

துபாய் மெட்ரோவில் எந்தக் கார்டு?
– வாசகர், புளியந்தோப்பு

நோல் கார்டு, வெள்ளி நிறத்தது. விலை 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு. தங்க நிறக் கார்டு தனிப் பெட்டிக்கு, அதற்குக் காசு கூட. தெரியாமல் அந்தப் பெட்டியிலோ பெண்கள் பெட்டியிலோ ஏறி நின்றால் அபராதம் விழும். கதவுக்கு முன்னால் தரையில் போட்டிருக்கும் கோட்டையும் எழுத்தையும் பார்த்து ஏறுங்கள்.

பத்து வயது மகனோடு ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. ஜே.ஆர். என்கிற ஜப்பான் ரயில் பாஸ் கட்டாயம் எடுக்கவேண்டும் என்கிறார் நண்பர்.
– வாசகி, பெரம்பூர்

உங்கள் நண்பர் சில வருஷத்துக்கு முன்னால் போயிருப்பார். அப்போது அது சரி. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கன்சென் அதிவேக ரயிலில் போக ஒரு வழிக்கு சுமார் 14,000 யென். போய்த் திரும்பினால்கூட 28,000தான். தனித்தனியாக டிக்கெட் எடுங்கள். ஒசாகாவில் இறங்கி டோக்கியோவிலிருந்து திரும்புகிற மாதிரி விமானம் போட்டால் ஒரு வழி ரயில் செலவே மிச்சம். என் வாடிக்கையாளர்களுக்கு நான் அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

நகரத்துக்குள் சுற்ற, பணம் ஏற்றித் தட்டும் சுய்க்கா கார்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ‘வெல்கம் சுய்க்கா’ விமான நிலையத்தில் கிடைக்கும். 28 நாள் செல்லும், முன்பணம் கிடையாது, ஆனால் மிச்சப் பணம் திரும்பாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மகனுக்கு சிறுவர் கார்டு கேளுங்கள், பாஸ்போர்ட் காட்டினால் கொடுப்பார்கள். பாதிக் கட்டணம்தான்.

இரண்டு விஷயத்தில் எல்லாரும் முட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, பிளாஸ்டிக் கார்டில் பணம் ஏற்றும் மிஷின் பெரும்பாலும் ரொக்கத்தைத்தான் கேட்கும், கையில் யென் நோட்டு இருக்கட்டும். இரண்டு, டோக்கியோ வட்டாரத்தில் தட்டி நுழைந்துவிட்டு ஒசாகா வட்டாரத்தில் தட்டி வெளியே வரமுடியாது. நீண்ட தூரத்துக்குத் தனி டிக்கெட் வேண்டும். ஊருக்குள் மட்டும் சுய்க்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கார்டு ஒசாகா ஊருக்குள்ளும் செல்லும், கடையில் மகனுக்கு ஜூஸ் வாங்கவும் செல்லும்.

பினாங்கிலிருந்து என் கணவரின் சித்தி மகனும் அவர் மனைவியும் வருகிறார்கள். எங்கள் வீட்டில் தங்கி ஊர் சுற்றப் போகிறார்கள். அவர்கள் ஊரில் பஸ், ரயிலில் தட்ட டச் அண்ட் கோ கார்டு இருப்பதுபோல் நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?
– வாசகி, காலடிப்பேட்டை

இந்தக் கேள்விக்குத்தான் ஆசையாகப் பதில் எழுதுகிறேன். இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சுற்றி வரவேண்டும் என்று சொல்லுங்கள்.

அவர் தன் மலேசிய விசா கார்டை நம் மெட்ரோ கேட்டில் தட்டினால் திறக்காது. நம்முடையது ‘ஒரே நாடு ஒரே கார்டு’ என்று 2019இல் தொடங்கிய ரூபே திட்டம். அதில் சென்னை மெட்ரோவுக்கு வந்தது சிங்காரச் சென்னை கார்டு, 2023 ஏப்ரலில். 2025 தொடக்கத்திலிருந்து மாநகரப் பேருந்திலும் அது செல்லும். கண்டக்டர் கையில் இருக்கும் மிஷினில் தட்டவேண்டும். அந்தக் கார்டு வாங்க நம் ஊர் மொபைல் எண் வேண்டும். விருந்தாளியை வரிசையில் நிறுத்தாமல், உங்கள் எண்ணில் நீங்களே முன்கூட்டி வாங்கி, பணம் ஏற்றி வையுங்கள். அவர்கள் போனபிறகு உங்களுக்கே ஆகும்.

ஆனால் மெட்ரோ மட்டும்தான் என்றால் கார்டுகூட வேண்டாம். கவுண்டரில் ரொக்கம் கொடுத்தால் காகித டிக்கெட், அதிலுள்ள க்யூ.ஆர். குறியீட்டைக் கேட்டில் காட்டினால் திறக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து நம் பக்கத்துக்கு ஒரு சௌகரியம். விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் காலடிப்பேட்டையில் இறங்கலாம். எவ்வளவு தூரமானாலும் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. தென்சென்னைக்காரர்களில் சிலர் ஆலந்தூரில் இறங்கி வண்டி மாறவேண்டும், நாம் மாறவேண்டாம். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். இரவு 11 மணிக்கு மேல் விமானம் இறங்கினால் மட்டும் ப்ரீபெய்டு டாக்ஸி.

உண்மையான சிக்கல் மெட்ரோவில் இல்லை, தெருவில். இங்கே டீக்கடையிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் யு.பி.ஐ. ‘சென்னை ஒன்’ என்று 2025 செப்டம்பரில் வந்த ஆப்பில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அதிலும் பணம் கட்ட யு.பி.ஐ. வேண்டும். நம் வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ‘யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு’ என்று ஒரு பணப்பை இருக்கிறது. பாஸ்போர்ட், விசா காட்டி, ரூபாய் ஏற்றி, போனில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஸ்கேன் செய்யலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினால் அந்த அலைச்சல் வீண்போகாது. நாலைந்து நாள் என்றால், உங்கள் போனில் நீங்கள் கட்டிவிட்டு சாயங்காலம் கணக்குப் பார்த்துக்கொள்வது சுலபம். சொந்தக்காரரிடம் கணக்குப் பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். அப்படியானால் முதல் நாளே உரிமம் உள்ள இடத்தில் ரசீதோடு கொஞ்சம் ரிங்கிட்டை மாற்றி, பத்தும் இருபதுமாகச் சில்லறை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். சுங்கச்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறி ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மயிலாப்பூர் போக, சென்ட்ரலில் மெட்ரோவிலிருந்து இறங்கி, நடந்து போய் பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கலாம். சித்தி மகனின் மனைவிக்குச் சேலை வேண்டுமானால் தி.நகர் கூட்டத்தில் மாட்டிவிடாதீர்கள், எம்.சி. ரோட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஒரு காலையில் திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் ராயபுரம் போய் இறங்குங்கள். டிக்கெட் சில ரூபாய்தான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம் அது. தூண் வைத்த அந்தப் பழைய முகப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மலேசியக்காரர்கள் ஆசைப்படுவார்கள்.

ஊர் திரும்பியபிறகு கார்டில் மிச்சமிருக்கும் பணத்தை என்ன செய்வது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

ஆய்ஸ்டரில் இருக்கும் பணம் காலாவதி ஆகாது. சாதாரண சுய்க்கா கடைசியாகத் தட்டியதிலிருந்து பத்து வருஷம் செல்லும், 28 நாள் ‘வெல்கம் சுய்க்கா’ மட்டும் விதிவிலக்கு. ஈஸி-லிங்க்கும் சில வருஷம் தாங்கும். ஓரிரு டாலருக்காக விமான நிலையத்தில் வரிசையில் நிற்கவேண்டாம். அடுத்துப் போகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கார்டின் பின்பக்கம் ஒட்டுங்கள். வாங்குகிறவர் கேட்டுக்கு முன்னால் நின்று உங்களுக்கு வாட்ஸப் கால் போடமாட்டார்.